ஒரு ‘ம்’முக்கு நூறு பேரல்

பிள்ளையார்பாளையத்தில் நான் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். அதிகம் பேச வராத எனக்கு அது தோதான வேலை. மற்றவர்கள் பேசுவார்கள், நான் பில்லைக் கிழித்துக் கொடுத்தால் போதும். யார் என்ன சொன்னாலும் “ம்” என்பேன். “செவுத்துக்கு வாய் வச்சா உன்ன மாதிரிதான் உம் கொட்டும்” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

செல்போன் வந்து கூட்டம் குறைந்த வருடம், பூத்துக்குப் பின்னால் இருந்த அறையை ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். முன்பு ஜரிகை புரோக்கராக இருந்தவர். ஒரு மேஜை, ஒரு போன், ஒரு சிலேட்டு மட்டும் கொண்டுவந்தார். கச்சா எண்ணெய் வியாபாரம் என்றார்.

“எண்ணெய் எங்கண்ணா இருக்குது?”

“எண்ணெய் எதுக்குமா? விலை இருந்தா போதும். ஏறும்னு நெனச்சு வாங்குவோம். எறங்கினா வித்தியாசத்த கட்டுவோம். ஒரு டின்னுகூட வேணாம்.”

மத்தியானம் அவர் சாப்பிடப் போகும்போது நான் போனை எடுத்து, விலையைச் சிலேட்டில் எழுதி வைக்க வேண்டும். செய்தி வாசிப்பதுபோல் ஓர் ஆண் குரல் பேசும். “நூறு பேரல்” என்று தொடங்கி விலையைச் சொல்லி நிறுத்தும். நான் “ம்” என்பேன். உடனே வைத்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவர் அறையிலிருந்த போன் அடித்தது.

“நீங்கள் வாங்கிய நூறு பேரல் விலை இறங்கிவிட்டது. வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.”

“நான் எதுவும் வாங்கலீங்களே. அண்ணன் வரல.”

“அவர் கணக்கு முடிந்தது. வெள்ளிக்கிழமை ‘ம்’ சொன்னது நீங்கள்தானே? எங்கள் வியாபாரத்தில் ‘ம்’ என்றால் சம்மதம். இன்றைய விலைக்கு இன்னும் நூறு எடுத்துக்கொள்கிறீர்களா?”

வாய் தன் வழக்கத்தை விடவில்லை. “ம்” வந்துவிட்டது.

“நன்றி” என்றது குரல். “பூத் உங்கள் பேரில்தானே இருக்கிறது?”

மறுநாள் காலை சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, உள்ளூர்ப் போலீஸ்காரரோடு வந்தார். இந்த மாதிரி அறைகளை ஊர் ஊராகத் தேடி மூடிக்கொண்டிருந்தார்களாம். மேஜை இழுப்பறை காலி. சிலேட்டும் துடைக்கப்பட்டிருந்தது.

“ஏதாவது சீட்டு இருக்காம்மா? கையெழுத்து?”

“இல்லீங்க சார். ‘ம்’னு மட்டும் சொன்னேன்.”

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். “நான் வூட்ல சொல்ற ‘ம்’முக்கெல்லாம் கேஸு போட்டா, ஜெயிலு பத்தாது சார்.”

அதிகாரி சிரிக்கவில்லை. “முறையான சந்தையில வாங்கினா யார் வாங்கினது, யார் மூலமா வாங்கினதுன்னு ஒப்பந்தச் சீட்டு தரணும். இது வெளியில நடக்குறது. சட்டப்படி இப்படி ஒரு வியாபாரமே கிடையாது. நீங்க எதுவும் கட்ட வேண்டாம். ஆனா அந்தப் பக்கம் இருக்குறது யாருன்னு எங்களுக்கும் தெரியல. மறுபடி பேசினா எழுத்துல தரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க.” போனை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மத்தியானமே அடித்தது. ‘ம்’ வந்துவிடக் கூடாதென்று முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

“இருநூறு பேரல். இன்று கட்டாவிட்டால் பூத்தை எடுத்துக்கொள்வோம்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தது. எதிர்வீட்டில் தறி ஓடும் சத்தம் ஒரு காதில் கேட்டது. போன் வைத்திருந்த காதிலும் தறி ஓடியது. எதிர்வீட்டுத் தறி நின்றது. போனுக்குள்ளும் நின்றது. கொஞ்சம் பொறுத்து இரண்டும் சேர்ந்தே மறுபடி ஓடின.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். “எழுதிக் குடுங்க” என்றேன்.

வெகுநேரம் தறிச் சத்தம் மட்டும்தான். பிறகு, செய்தி வாசிக்கும் குரலில் அல்ல, எங்கள் தெருக்காரர்கள் சொல்வதுபோலவே அது “ம்” என்றது.

சீட்டு எதுவும் வரவில்லை. பூத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை. ஜரிகை புரோக்கரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்தப் போன் மறுபடி அடிக்கவே இல்லை.

பூத் இப்போது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. நான் உம் கொட்டுவதை விட்டுவிட்டேன். “கேக்குறியா, இல்லியா?” என்று வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திக் கேட்பார். “கேக்குறேன்” என்று முழுசாகச் சொல்வேன்.

கடைக்கு வருகிறவர்களிடம், “பின்பக்கமும் எடுக்கணுமா?” என்று குனிந்தபடியே கேட்பேன். சிலர் “ம்” என்பார்கள். அப்போது மட்டும் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பேன்.