துபாய்ப் பெட்டியில் ஒரு கிலுகிலுப்பை

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். முப்பது தாண்டிய கையோடு வழுக்கையும் தொப்பையுமாக நடுவயதில் குடியேறிவிட்டவன் நான். வேறெந்தத் துறையிலும் நிபுணனாக வாய்க்காததால், பதினோரு வயதில் கிடைத்த இந்த ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, மழைக்காலம். பரங்கிப்பேட்டையில் நானும் உம்மாவும், துபாயில் வாப்பா. நோன்புப் பெருநாள் நெருங்கினால் வாப்பாவிடமிருந்து ஒரு பெட்டி வரும். அதில் பாதி, கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் வாக்கப்பட்டிருந்த வாப்பாவின் தங்கை, அதாவது என் மாமி வீட்டுக்கு. மாமிக்கு அண்ணனான வாப்பா 'காக்கா', அண்ணியான உம்மா 'மச்சி'. மாமிக்கு மூன்று பிள்ளைகள்: நாலரை வயது, மூன்று, ஒன்றரை. பெருநாளன்று மாமியின் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மையையும் கவிழ்த்து அடியில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார். அண்ணன்காரன் அனுப்பும் பெட்டிக்கு என்ன மதிப்போ அதுதான் அந்த வீட்டில் மாமிக்கும்.

அந்த வருஷம் பெட்டி வரவில்லை. கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றாள் உம்மா. நான் நம்பினேன், மழை, காற்று, கடல் கொந்தளிப்பு என்று காரணங்களையும் நானே சேர்த்துக்கொடுத்தேன். வாராவாரம் வந்த வாப்பாவின் போன் மாதம் ஒன்றாகச் சுருங்கியதையும், வீட்டில் கறி எடுப்பது நின்றுபோனதையும் அந்தக் கப்பலோடு நான் முடிச்சுப் போடவில்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் உம்மா என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனாள். மேலவீதியில் ஒரு பொம்மைக்கடை. உம்மாவுக்கு மூன்று நிபந்தனைகள். விலை கைக்கு அடங்க வேண்டும். வாயில் போட்டால் தொண்டையை அடைக்கக் கூடாது. பார்த்தால் வெளிநாட்டுச் சாமான் மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டாவதைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்று, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்தேன்.

"தம்பி, வாங்கிட்டு அப்புறம் கடி" என்றார் கடைக்காரர்.

பெரியவனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் கார், நடுவுள்ளவளுக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை, கடைக்குட்டிக்கு அமுக்கினால் கத்தும் ரப்பர் வாத்து. வாத்து எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றரை வயதுக்கு அமுக்கத் தெரியாது, ஆட்டத்தான் தெரியும் என்பது என் ஆய்வு முடிவு. உம்மா காதில் வாங்கவில்லை. வெளியே ஓர் ஆள் சைக்கிளில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்த பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்றை என் உண்டியல் காசில் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் உம்மா போன வருஷப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தாள். மேலே வாப்பாவின் கையெழுத்தில் முகவரி. பொம்மைகளில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளைத் தேங்காயெண்ணெய் தொட்டு உரித்தாள். புட்டியின் அடியில் மிச்சமிருந்த துபாய் சென்ட்டை அவற்றின் மேல் அடித்தாள்.

"யாரு கேட்டாலும் வாப்பா அனுப்புனதுன்னு சொல்லு. பொய்யில்ல. அவுங்க கையில இருந்தா அனுப்பியிருப்பாங்கதானே?"

தலையாட்டினேன். அவள் கயிறு தேடப் போன நேரத்தில் கிலுகிலுப்பையையும் உள்ளே தள்ளினேன். பனையோலை எந்த நாட்டுச் சரக்கு என்று யோசிக்கும் புத்தி இருந்திருந்தால் நான் ஏன் பூகோளத்தில் முப்பத்தாறு வாங்கப்போகிறேன்?

பெருநாளன்று மதியம் ஓ.டி.யில் பெட்டி திறக்கப்பட்டது. கார் தேறியது. பொம்மை தேறியது. வாத்தை முகர்ந்து பார்த்த மாமியார், "வெளிநாட்டு வாசன" என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவர் கையில் கிலுகிலுப்பை வந்தது. உம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

"ஏம்மா, துபாய்ல பனமரம் இருக்கா?"

மாமி எழுந்து வந்து கிலுகிலுப்பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் உம்மாவைப் பார்த்தாள்.

"பன இல்ல, பேரீச்ச ஓலை. அங்க இதுதான் ஜாஸ்தி. இதுக்கே தனி கடை இருக்காம், போன்ல காக்கா சொன்னாங்க. இல்ல மச்சி?"

உம்மா தலையை அசைத்தாள். என் புலமைக்கு இது பொறுக்கவில்லை. "அது பேரீச்ச ஓலை இல்ல மாமி, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். மாமி ஒரு கரண்டி வட்டலப்பத்தை என் வாயில் திணித்தாள். விழுங்குவதற்குள் இன்னொன்று. கடைக்குட்டி வாத்தை எறிந்துவிட்டுக் கிலுகிலுப்பையை ஆட்டத் தொடங்கியிருந்தான்.

புறப்படும்போது, பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மாமி அதைக் கட்டி என் தலையில் ஏற்றினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு சேரும்வரை கழுத்து நோகிறது என்று புலம்பிக்கொண்டே வந்தேன். பிரித்தால் மேலே இரண்டு பாக்கெட் பேரீச்சம்பழம். அதற்குக் கீழே அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி.

வாப்பாவின் கம்பெனி மூடி ஐந்து மாதமாகியிருந்தது அன்று எனக்குத் தெரியாது. பொம்மை கொண்டுபோனவர்களுக்கு அரிசி கொடுக்கிறாளே என்று மாமியை நினைத்துச் சிரிப்பு வந்தது.

"மாமிக்கு ஒண்ணுமே தெரியல உம்மா. பன ஓலைக்கும் பேரீச்ச ஓலைக்கும்கூட வித்தியாசம் தெரியல" என்றேன்.

உம்மா அரிசிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, அவளுக்குத் தெரியாது" என்றாள். "நீ யார்ட்டயும் சொல்லிக்காத."