நாற்பத்தேழாம் தூணுக்கு ஒரு தீச்சட்டி

தினமும் காலையில் உத்தமபாளையத்தில் என்னோடு தேனி பஸ் ஏறுவார் அவர். சாயம் பூசிய மீசை, சட்டைப்பையில் தடித்த மூக்குக்கண்ணாடி. உட்கார்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறப்பார். அவர் ஒருநாளும் போயிராத ஏதோ ஒரு தூரத்து நகரத்தில் புதிதாக, தூண்கள் மேல் ஓடும் லைட் ரயிலுக்குப் பாதை போடுகிறார்கள். அந்த வேலையை யாரோ தினமும் படம்பிடித்துப் போட, இவர் தினமும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்ப்பார்.

"தம்பி, நாப்பத்தேழாம் தூணு வேலைய நிப்பாட்டிட்டாக. கோர்ட்டு கேசாம்" என்றார் ஒருநாள். முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே, வழக்கு தீர்ந்தால் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார்.

வீரபாண்டியை நெருங்கும் இடத்தில் எங்கள் வழியிலும் ஒரு பாலம் கட்டுகிறார்கள். என் மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் தொடங்கியது. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அங்கே பஸ் அரைமணி நேரம் நிற்கும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

வழக்கு தீர்ந்தது. சித்திரைத் திருவிழாவில் மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக அவர் தீச்சட்டி ஏந்தி வந்தபோது, எங்கள் பஸ் அந்தப் பாலத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியே கேட்டேன்.

"அண்ணே, அப்படியே இந்தப் பாலத்துக்கும் ஒண்ணு நேர்ந்திருக்கலாமே?"

சட்டியைக் கை மாற்றிக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஆத்தாவால முடியிறதத்தான தம்பி கேக்கணும்?"

அவர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நாங்கள் அங்கேயேதான் நின்றோம்.