சந்தியால் போன சைக்கிள்

எங்கள் தந்தையார் பாய்த்தோணியில் சுக்கான் பிடித்தவர். வல்வெட்டித்துறைக் கரையில், பாறைகளுக்கிடையே அவரைப்போலத் தோணியைக் கொண்டுவர வல்லவர் சிலரே. அத்தகையவர் சைக்கிளோடு வேலிக்குள் புகுந்ததை நான் சிறுவயதில் கண்டேன்.

அன்று அக்காவுக்குப் பருத்தித்துறையில் பரீட்சை. தேறினால் மேற்படிப்பு, தவறினால் வீட்டோடு இருக்கவேண்டியதுதான் என்பது பெரியவர்களின் தீர்மானம். விடிந்தபோது பேருந்துகள் ஓடவில்லை. கால் சுளுக்கிக் கிடந்த சித்தப்பாவின் சைக்கிளைத் தந்தையார் வாங்கிவந்தார். சைக்கிள் ஓடத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. கடலில் தோணியைத் திருப்புபவருக்கு இரண்டு சில்லுகள் எம்மாத்திரம்?

தோணியில் சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால், தோணி வலப்பக்கம் திரும்பும். அவ்வாறே பழகிய கை சைக்கிளிலும் அதையே செய்தது. வலப்புறம் திரும்பவேண்டியவர் இடப்புறத் தென்னோலைக் கிடுகு வேலியைத் துளைத்தார்.

"அண்ணை, உது கடலில்லை. போற பக்கம்தான் திருப்பவேணும்," என்றார், நொண்டியபடி பின்னால் வந்திருந்த சித்தப்பா.

"தெரியும்," என்றார் தந்தையார், வேலிக்குள் இருந்தபடியே. அடுத்த முறை எதிர்வேலி.

"பிள்ளை சோதினைக்குப் போறதோ, ஆசுப்பத்திரிக்குப் போறதோ?" என்று அம்மா கேட்டார்.

அப்போது அக்கா மெல்லச் சொன்னார்: "ஐயா, எனக்கு ஓடத் தெரியும்."

தோழியின் சைக்கிளில் கடற்கரை மணலில் ஒளித்துப் பழகியிருந்தார். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் தெருவில் சைக்கிள் ஏறியதில்லை.

"சனம் என்ன கதைக்கும்?" என்றார் அம்மா.

தந்தையார் சட்டையில் ஒட்டிய கிடுகைத் தட்டிவிட்டு, சைக்கிளை அக்காவிடம் கொடுத்துப் பின்னால் அமர்ந்தார். "கதைக்கிறவை என்னோடை கதைக்கட்டும். சந்தியாலை போ, பிள்ளை."

நான் பின்னால் ஓடினேன். சந்தித் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள்.

"என்ன சுக்கானியார், இண்டைக்குச் சுக்கான் ஆரின்ரை கையிலை?"

"என்ரை மகளின்ரை கையிலை. காத்தும் நல்லாயிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்தது. கடல் வென்றவர் மூட்டைபோலப் பின்னால் குந்தியிருப்பதா?

அக்கா நேரத்துக்குப் பரீட்சை மண்டபம் சேர்ந்தார். பின்னர் தேறியும் விட்டார். ஆனால் அன்று மாலை நான் தந்தையாரிடம் குறைப்பட்டேன்: "வீட்டுக்குப் பின்னாலை கிடக்கிற ஒழுங்கையாலை போயிருந்தால் ஒருத்தரும் கண்டிருக்கமாட்டினமே?"

"ஓம், கண்டிருக்கமாட்டினம்," என்றார் அவர், மிகத் திருப்தியோடு.

சில நாட்களின் பின் அயல்வீட்டுப் பெண்ணொருத்தி தனியே அதே சந்தியால் சைக்கிளில் போனாள். தேநீர் குடித்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். அதில் பார்ப்பதற்கு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.