பூத்தட்டு ஏற்றிய டிராக்டர் என் பேரில் இருந்தது

சமயபுரத்தாளை நம்பியிருக்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் தள்ளிப் போட்டேன்.

என் பெயர் கலைச்செல்வி. திருவெள்ளறைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். நெல்லும் வாழையும்தான் பிழைப்பு. வீட்டில் ஒரு டிராக்டர் உண்டு. பெண் பெயரில் வாங்கினால் மானியம் கூட வரும் என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் அதை என் பெயரில் வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரைப் பார்த்து அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டியின் சீட்டில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததோடு சரி.

எங்கள் வயல் வேலை போக, கேட்டவர்களுக்கெல்லாம் அவர் வாடகைக்கு ஓட்டுவார். உழவு ஓட்டுவார். முசிறிப் பக்கம் போய் வாழைத்தார் ஏற்றி வருவார். இன்சூரன்ஸ் மட்டும் சொந்த விவசாயத்துக்கு என்று எடுத்தது. அது வேறு, இது வேறு என்று எங்கள் ஊரில் யாருமே யோசித்ததில்லை. வண்டி எல்லாம் ஒரே வண்டிதானே என்று இருந்துவிட்டோம்.

போன வருஷம் பூச்சொரிதல் சமயம். எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு எங்கள் டிராக்டரைத்தான் பேசுவார்கள். பின்னால் டிரெய்லரில் வேப்பிலை கட்டி, மஞ்சள் சேலையும் மடியில் பூத்தட்டுமாக உட்கார்ந்து சமயபுரம் போவது எங்கள் வழக்கம். "ஆத்தாவுக்குப் பூ கொண்டு போற வண்டி, அதுக்கு என்னாடி ஆவப் போவுது?" என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் ஏறினோம். நானும் ஏறினேன்.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா கடைசியாக வந்தது. வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிற அக்கா. டிரெய்லரில் இடம் இல்லை. "நீங்க நசுங்காம உக்காருங்க, நான் ஓரமா இருந்துக்கறேன்" என்று பின்பலகை மேல் உட்கார்ந்துகொண்டது. வாய்க்கால் பாலத்தில் ஒரு பைக் குறுக்கே வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பிரேக் போட்டார். டிரெய்லர் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்க்கிறேன், பலகை மேல் அக்கா இல்லை.

ரோடெல்லாம் செவ்வந்தியும் அரளியும் கிடந்தன. நடுவில் அக்கா அசையாமல் கிடந்தது.

திருச்சி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையில் அடி, நினைவு இல்லை, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். என் வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றேன். எங்களுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் அங்கேயே வந்துவிட்டார்.

"ட்ரெய்லர்ல ஆள் ஏத்துனதே கூடாதும்மா. அதுவும் வாடகை வாங்கிட்டு. விவசாயத்துக்கு எடுத்த பாலிசியில இதுக்கு ஒண்ணும் கெடைக்காது. நஷ்டஈடு பூரா ஓனர்தான் குடுக்கணும்." சொல்லிவிட்டு, "வண்டி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

கூட வந்திருந்த எங்கள் பங்காளி ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "பயப்படாத. மல்லிகா ரோட்டோரமா நடந்து போச்சு, வண்டி இடிச்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துரு. நடந்து போறவங்களுக்குன்னா கம்பெனி குடுக்கும். ஊர்ல எல்லாரும் அப்புடியே சொல்லிருவோம்" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் சின்னத்தம்பி அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்புடியே சொல்லிருங்க தங்கச்சி. அவ பொழச்சு வந்தாலும் வேலைக்குப் போவ முடியுமோ என்னமோ. எங்களுக்கு அதுதான் வழி."

யாரையும் ஏமாற்றுகிற பொய்யாக எனக்கு அது தெரியவில்லை. எல்லோருக்கும் நல்லது செய்கிற பொய்யாகத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிடுவது என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஓனர் நீங்க. நீங்கதான் எழுதிக் குடுக்கணும். வண்டியில யாரும் போகலை, கோயிலுக்கே யாரும் கிளம்பலைன்னு எழுதணும். நாளைக்குக் கோர்ட்டுல நிக்க வச்சுக் கேப்பாங்க, அப்பவும் அதையே சொல்லணும். மாட்டிக்கிட்டா அது தனிக் கேஸ்" என்றார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சொத்து மேல வரும்மா. வயல் போனாலும் போகலாம். யோசிச்சுச் செய்யுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. தைப்பூசத்துக்கு ஸ்ரீரங்கத்துப் பெருமாள் தன் தங்கச்சி சமயபுரத்தாளுக்குச் சீர் கொடுப்பது இந்த ஆற்றங்கரையில்தான். ஆத்தாவுக்கே ஒரு அண்ணன் துணை இருக்கிறார், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவள் சமயபுரத்தில் இறங்கிவிட்டேன்.

கோயில் முழுக்கப் பூக்கூட்டம். என் கையில் ஒரு பூ இல்லை. தள்ளுமுள்ளில் எப்படியோ முன்னால் போய் நின்றேன். அது ஆத்தா நமக்காகப் பட்டினி கிடக்கிற சமயம். சோறு நைவேத்தியம் கிடையாது. நீர்மோரும் இளநீரும் துள்ளுமாவும்தான். "தாயே, அக்கா கண்ணத் தொறக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு, பயமா இருக்கு" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா தன் தட்டுப் பூவைக் கொடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயிலுக்கே யாரும் கிளம்பவில்லை என்று நான் எழுத வேண்டும். மல்லிகா அக்கா ஆத்தாவுக்குப் பூ கொண்டுவரவே இல்லை என்று நான் சொல்ல வேண்டும். எங்களுக்காகச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவளின் வாசலிலிருந்து நேரே போய் அதைச் சொல்ல வேண்டும். முடியாது என்று தோன்றியது. தைரியம் வந்ததாக நினைக்காதீர்கள். அந்தப் பொய்யின் மேல் வந்த பயம் வயல் போய்விடும் என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். "யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்று அங்கிருந்த எஸ்.ஐ. கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "வயல வித்துட்டு எங்கடி போறது?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பிறகு அவரும் அதையேதான் சொன்னார், ஆள் ஏற்றினேன், வாடகை வாங்கினேன் என்று.

அதைவிடக் கஷ்டம் ஆஸ்பத்திரிக்குப் போனது. "அண்ணே, இன்சூரன்ஸ் வராது. நான் உண்மையைச் சொல்லிட்டேன். நீங்க என்னையக் கேளுங்க, நான் தரேன்" என்றேன். சின்னத்தம்பி அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோயிலில் வாங்கி வந்த ஆத்தாவின் விபூதியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைத் தொடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அடுத்து வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால், அக்கா போய்விட்டது என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வேன். காலையில் நீர்மோர் மட்டும் குடித்துவிட்டு ஆத்தா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. சின்னத்தம்பி அண்ணன். எடுக்கவே பயம். எடுத்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். முடிந்தது என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தங்கச்சி, கண்ணத் தொறந்துட்டா. நெத்தியில விபூதி பூசிக்கிட்டே இருந்தேன். தொறந்துட்டா. பேசிட்டா."

"என்னாண்ணே சொல்லுச்சு?"

"பூவெல்லாம் கொட்டிருச்சான்னு கேக்குறா."

என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. கண் திறந்ததும் அக்கா கேட்டது அந்தப் பூவைத்தான். நான் மட்டும் கோயிலுக்கே யாரும் கிளம்பவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

உண்மையைச் சொன்னதால் எல்லாம் சுலபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கோர்ட்டில் சமாதானமாகப் பேசி முடித்தோம். எங்கள் வாழைத்தோட்டத்தில் பாதி போனது, டிரெய்லரும் போனது. அக்காவுக்கு இடது கையில் இன்னும் பலம் வரவில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கதவு எனக்குத் திறந்தே இருக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது உழவு மட்டும்தான் ஓட்டுகிறார். அதை வாடகைக்கு ஓட்டுவதற்கு உரிய இன்சூரன்ஸைக் கேட்டு, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லித்தான் எடுத்தார். வண்டி இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.

டிராக்டர் வைத்திருக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற என்னைப் போன்ற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பயம் வந்து கழுத்தைப் பிடிக்கும்போது ஆத்தாவிடம் ஓடுங்கள். நான் வெறுங்கையோடுதான் போனேன். அவள் என்னைக் கைவிடவில்லை.

இந்த வருஷம் பூச்சொரிதலுக்கு எங்கள் தெருக்காரர்கள் ஒரு பஸ் பேசினோம். அக்காவால் தட்டை ஒரு கையால் தூக்க முடியவில்லை, இன்னொரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். படியில் கால் வைத்ததும் அக்கா நின்றுவிட்டது. பயந்துவிட்டதோ என்று எனக்குப் பதறியது. அக்கா டிரைவரைப் பார்த்து, "தம்பி, இந்த வண்டிக்கு ஆள் ஏத்துற இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டது.

பஸ்ஸே சிரித்தது. "இருக்குங்கம்மா, ஏறுங்க" என்றார் டிரைவர். ஒரு பூ சிந்தாமல் இரண்டு பேரும் ஏறினோம்.