நான்கு ஏழுகளிடம் மாமா தோற்றது

மங்கலம் தாண்டித் திருப்பூரை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பின்னால் எங்கோ சோமனூர். மாமாவின் தோளில் துணிப்பை, என் கையில் சோற்றுக் குண்டா. அம்மா போன பிறகு மாமாவின் சாமான்களில் நானும் ஒன்று. அவர் போகும் ஊருக்கெல்லாம் கூடவே போகும். என் ஐந்தாம் வகுப்பு அந்த வாரத்தோடு முடிந்திருந்தது.

சோமனூரில் மாமாவுக்கு வேலை போனது ஓர் எண்ணால். தறி முதலாளியின் மருமகன் இன்ஜினியர். எல்லோர் முன்னாலும் அவரை நான்கு இலக்கத்தில் ஓர் எண் சொல்லச் சொன்னார் மாமா. அதன் இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்க வேண்டும். பிறகு சிறிதிலிருந்து பெரிதாக. பெரியதில் சின்னதைக் கழிக்க வேண்டும். வந்த விடையையும் அதேபோல அடுக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் 6174 வந்து நிற்கும். அதற்குமேல் என்ன செய்தாலும் நகராது. மருமகன் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எல்லாம் அங்கேயே வந்து நின்றன. தறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் மாமாவின் தறிக்கு நூல் வரவில்லை.

வழியெல்லாம் நான் வண்டி எண்களைக் கத்தினேன். 3524 என்றேன். மாமா செங்கல் துண்டால் பாலத்துச் சுவரில் எழுதினார். 5432-இல் 2345 போனால் 3087. 8730-இல் 0378 போனால் 8352. 8532-இல் 2358 போனால் 6174. எந்தப் பட்டறைச் சாயத் தண்ணீரும் கடைசியில் நொய்யல் ஆற்றில் போய் விழுவதுபோல எல்லா எண்ணும் அங்கேதான் போய் விழுந்தது. அந்த எண்ணுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு மற்றவற்றை இழுக்கிறார்கள் என்று நம்பினேன்.

அப்போது 5555 என்று ஒரு லாரி போனது.

"அது வேண்டாங் கண்ணு. நாலும் ஒண்ணாட்டவே இருந்தா எப்படித் திருப்பிப் போட்டாலும் அதேதான். கழிச்சா சைபரு. நம்ம ஆளு அங்க வரமாட்டான்" என்றார் மாமா.

திருப்பூர் மதில்களில் எல்லாம் 'ஆட்கள் தேவை' என்று எழுதியிருந்தது. மாமா தேவைப்பட்டார், நான்தான் தேவைப்படவில்லை.

"பையனை உள்ள உட்டா, ஆடிட்காரன் வந்து சின்னப் பையனை வேலைக்கு வெச்சிருக்கோம்னு எழுதிட்டா கம்பெனிக்கே வம்புங்க. எங்காச்சும் உட்டுட்டு வாங்களேன்" என்றார் ஒரு கேட்காரர்.

"எங்கீங்க உடறது?" என்றார் மாமா. அவர் நிஜமாகவே பதிலை எதிர்பார்ப்பதுபோல் நின்றார்.

பொழுது சாய்கையில் ஒரு பனியன் கம்பெனிக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு வந்தோம். வெள்ளைக் கார் ஒன்றில் சாய்ந்தபடி அந்தக் கம்பெனி முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். காரின் எண் 7777. மாமா கும்பிட்டு வேலை கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"பையனோடயா? ஆகாதுப்பா."

மாமா நகரவில்லை. "ஒரு வெளையாட்டுங்க. நாலு இலக்கத்துல எந்த நம்பரு குடுத்தாலும் 6174-ல கொண்டாந்து நிறுத்தறனுங்க. முடியலீன்னா பேசாம போயிர்றேன்."

"எந்த நம்பருன்னாலுமா?"

"உங்க வண்டி நம்பரையே போடுங்களேன்."

"மாமா, அது..." என்று சட்டையை இழுத்தேன். அவர் என் தோளை வலிக்கும்படி அழுத்தினார்.

அடுக்கிக் கழிக்கும் விதத்தை மாமா சொல்லச் சொல்ல, முதலாளி டீயைக் கார்மேல் வைத்துவிட்டுச் செல்போனில் தட்டினார். நிமிர்ந்தபோது முகம் குழந்தை முகமாகியிருந்தது.

"சைபரு! ஏப்பா, இங்க வந்து பாருங்கப்பா! என்ற நம்பருகிட்ட இவன் வித்தை எடுபடலே! இந்த நம்பரை வாங்க நாயா அலைஞ்சனே, சும்மாவா?"

பேக்கரியே சிரித்தது. மாமா தலையைத் தொங்கப் போட்டார். "இந்த மாதிரி நம்பரை நான் பாத்ததே இல்லீங்க" என்றார். மத்தியானம்தான் பார்த்திருந்தார். "வரனுங்க" என்று பையை எடுத்தார்.

"இருப்பா. பையனைக் கூட்டிக்கிட்டு இந்நேரத்துக்கு எங்க போவே?" முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "வாட்ச்மேன் ஊருக்குப் போனவன் வரலே. அந்த வேலையைப் பாரு. அவன் ரூமு கேட்டுக்கு வெளியில சும்மாதான் கெடக்குது. பையன் மட்டும் கேட்டைத் தாண்டப்படாது, ஆமா."

"ஆகட்டுங்க."

அன்றிரவு அந்த அறையில் பேக்கரிப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். "நீங்கதான சொன்னீங்க, சைபரு வரும்னு? மறந்துட்டீங்களா?"

"ஆமா கண்ணு. மறந்துட்டேன்."

இன்ஜினியரை ஜெயித்த எண் ஒரு காரிடம் தோற்றதை என்னால் தாங்க முடியவில்லை. பட்டினியில் மாமாவுக்கு மூளை மந்தமாகிவிட்டது என்று பயந்து, என் பன்னில் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கித் தின்றார்.

மறுநாள் காலையில் அந்த வேலையில் சேர்ந்தார். பழைய வாட்ச்மேனின் காக்கிச் சட்டை அவருக்குச் சின்னதாக இருந்தது. கார் வந்ததும் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் தலையசைத்தார். மாமா அவரைப் பார்க்கவில்லை. குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்து இறுக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் நிமிர முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.