பேர் சொல்லப்படாது

என் மகள் அரிவரி வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம் மட்டியின் பெயரை மறந்துபோனாள். அப்படித்தான் நான் முதலில் நினைத்தேன்.

எங்கள் வீடு குறிஞ்சாக்கேணியில், கடல்நீர் ஏறி வற்றும் களப்புக்குப் பக்கத்தில். உணவுத் தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசையில் நின்ற வருடங்கள் அவை. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மனைவி சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கி வருவாள். பல நாள் எங்களுக்கு அதுதான் கறி. ஒருநாள் பகல் சாப்பிடும்போது மகள் சோற்றுக் கோப்பையைக் கிண்டிக்கொண்டு, "ரெண்டு ஓடு இருக்கு. வெளியால வரி வரியா இருக்கு. உள்ளுக்க வெள்ள," என்றாள்.

"மட்டிதானே மகள், தின்னுங்க," என்றாள் மனைவி.

"பேர் சொல்லப்படாது உம்மா. டீச்சர் சொன்ன."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெயர்களை எழுதவும் வாசிக்கவும்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம். இங்கே தெரிந்த பெயரையும் பறிக்கிறார்கள். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஆனா, ஆவன்னாவுக்குப் பிறகு எழுத்தே இல்லை. மற்றப் பக்கங்களில் காய்ந்த சேறு. கிழமையில் மூன்று நாள் டீச்சர் வகுப்பைக் களப்புக் கரைக்குக் கொண்டுபோகிறா என்று மகள் சொன்னாள்.

டீச்சர் டவுன் பக்கத்து ஆள். காலையில் பாதையில், ஆட்களையும் சாமானையும் ஏற்றும் மிதவையில், களப்பைக் கடந்து வருவா, பள்ளி விட்டதும் அதே பாதையில் திரும்புவா. நான் துறையடியில் அந்தப் பாதைக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அதனால் எனக்கு ஒன்று தெரியும். வரும்போது அவவின் பை மெலிந்து தொங்கும். போகும்போது அதே பை கனத்து, அடியால் தண்ணீர் ஒழுகும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பிள்ளைகளைக் கொண்டு மட்டி பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறா. வீட்டில் பிள்ளைகள் மட்டி என்று வாயே திறக்கக் கூடாது, அதற்குத்தான் இந்தச் சட்டம்.

என்னோடு மூட்டை தூக்கும் மச்சானிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"பயப்படாத மச்சான். உன்ட மகள் பெருத்து நண்டுக்கு டொக்டரா வருவாள். உனக்கு இடுப்பு புடிச்சா நண்டெண்டு சொல்லிக் காட்டு, மருந்து தருவாள்."

மனைவி, "டீச்சரிட்டயே போய்க் கேளுங்களன்," என்றாள். இரண்டு தரம் போனேன். பள்ளிக்கூடப் படலை வரைக்கும். உள்ளே டீச்சரின் குரல் கேட்டதும் கால் திரும்பிவிட்டது. தெரியாத மனுசரோடு கதைப்பது எனக்கு எப்போதும் ஏலாத காரியம்.

புதன்கிழமை இரவு மனைவியிடம் முடிவாகச் சொன்னேன். "நாளைக்கி போய்ப் பேர வெட்டுறன். மட்டி களவெடுக்கப் பிள்ளய அனுப்ப ஏலாது. மற்றப் பள்ளிக்கூடத்துல சேப்பம்." மகள் பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் விளக்கைக் குறைத்ததும் எழும்பி, களப்புக்குக் கொண்டுபோகும் சிரட்டையை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தாள்.

மறுநாள் கண்ணால் பார்த்துவிட்டே பெயரை வெட்டுவது என்று, வேலைக்கு நடுவில் கரைக்குப் போனேன். தண்ணீரோரத்துக் கின்னை மரங்களுக்கு முன்னால் ஒரு தோணி கவிழ்த்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் குந்தினேன்.

டீச்சர் பையைத் திறந்தா. உள்ளே மடித்த சாக்குகள். அவற்றைச் சேற்றில் விரித்து, பிள்ளைகளை அவற்றின் மேல் முழங்கால் போட வைத்தா. ஈரச் சாக்கின் கனம்தான் பையின் கனம். பிள்ளைகள் மட்டி எடுத்தார்கள், சிரட்டையில் வைத்துப் பார்த்தார்கள், ஓடு, வரி, வாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். டீச்சர் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டா. பிறகு மட்டியைத் திரும்பச் சேற்றில் வைத்தார்கள்.

என் சந்தேகம் போகவில்லை, இடம் மாறியது. அந்தக் காலத்தில் தின்கிற சாமானைத் திரும்பச் சேற்றில் புதைப்பவரை நான் எப்படி நம்புவேன்? கொப்பியில் எழுதுவது யாருக்கு? எங்கள் களப்பில் மட்டி எவ்வளவு என்று அரசாங்கத்துக்குக் கணக்கு அனுப்பி, பொறுக்குவதைத் தடுக்கப் போகிறார்களோ? நன்றாகப் பார்க்க எட்டினேன். தோணி கிறீச்சிட்டது.

பிள்ளைகள் ஓடிவந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எழும்பினேன், ஒரு செருப்பு சேற்றோடு போனது.

"டீச்சர், எனக்கு இதுட பேர் தெரியும்!" என்று ஒரு பையன் கத்தினான்.

"பேர் சொல்லப்படாது," என்றா டீச்சர். "கண்ணுக்குத் தெரியிறத மட்டும் சொல்லுங்கோ பிள்ளையள்."

"சாரத்த மடிச்சுக் கட்டியிருக்கு."

"ஒரு கால்ல மட்டும் செருப்பு."

"வேர்க்குது டீச்சர். ஆனா வெயில் இல்ல."

"ஓடப் பாக்குது. சேறு விடுதில்ல."

டீச்சர் என் மகளைப் பார்த்தா. "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

மகள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "கைய எங்க வெக்கிறண்டு தெரியாம நிக்குது," என்றாள்.

"ஏன் டீச்சர் இது ஒளிச்சிருந்தது?" என்று அந்தப் பையன் விடாமல் கேட்டான். மற்றவர்கள் என் மகளைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியும். களவு என்று நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவள் வாயைத் திறந்தால் டீச்சரின் முகத்தை நான் இனி எந்தப் பாதையில் பார்ப்பது?

"அது எனக்குத் தெரியா," என்றாள். "கண்டத மட்டும்தான் நான் சொல்லுவன்."

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளை அடுத்த மரத்துக்கு அழைத்துப் போனா. போகும்போது என் பக்கம் தலையை மெல்ல ஆட்டினா. அது சலாமா, கேலியா என்று எனக்கு விளங்கவில்லை.

நான் நேரே பள்ளிக்கூடம் போனேன். இம்முறை படலையைத் தாண்டினேன். அதிபர் மேசையில் இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். மகளின் பெயரைச் சொன்னேன், வகுப்பைச் சொன்னேன். அவர் பெயர் இடாப்பை விரித்து, அவள் பெயரில் விரலை வைத்து, "என்ன, வெட்டவா?" என்றார். அப்படிக் கேட்டு வேறு தகப்பன்மாரும் வந்திருப்பார்கள் போல.

"இல்ல சேர். பேர் இருக்கா எண்டு பாக்க வந்தனான்."

அவர் என்னையும், நான் நடந்து வந்த சீமெந்துத் தரையையும் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "போகக்குள்ள அந்தச் சேத்தக் கழுவிட்டுப் போங்க."