பொதுச் சுவர் வீட்டில் நான் பேசிய பேரம்

இன்று காலை மலையடிவாரக் கோயிலின் பே கோபுரத்தை ஒட்டிய சந்தில், விலைக்கு வந்த ஒரு பழைய வீட்டைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஐந்தாறு வீடுகளில் நடு வீடு.

வீட்டுக்காரர் தங்கமான மனிதர். "நிதானமா பாருங்க சார். பக்கத்து வீடு எங்க அண்ணன் வீடுதான். அங்க இருக்கேன், பாத்து முடிச்சிட்டு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சமையலறையில் நின்று மனைவியிடம் சொன்னேன்.

"வீடு சூப்பரா இருக்கு. மாடியில ஒரு நாற்காலி போட்டா மலையைப் பாத்துக்கினே காபி குடிக்கலாம். ஆனா புடிச்ச மாதிரி காட்டிக்காத. ஈரம், இருட்டுனு ஏதாவது சொல்லி வெலையைக் கொறைக்கறேன் பாரு."

"உங்களுக்கு நடிக்க வராதுங்க" என்றாள்.

வரும் என்றேன்.

வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் சுவரைத் தடவி உதட்டைப் பிதுக்கினேன். "ஈரம் ஜாஸ்தியா இருக்கே. வெளிச்சமும் கம்மி. யோசிக்கணுங்க."

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சமையலறைச் சுவரை விரலால் தட்டினார்.

"ஈரமெல்லாம் இல்ல சார். வேற ஒரு கொறை இருக்கு, வாங்கறவங்ககிட்ட மறைக்கக் கூடாது. இது பொதுச் சுவரு. இங்க பேசினா எங்க அண்ணன் வீட்ல நல்லா கேக்கும்."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"வெலையில கம்மி பண்ண முடியாது சார்" என்றார் அவர். "மாடிக்கு நாற்காலி வேணா நான் தரேன்."

சொன்ன விலைக்கே சம்மதித்துவிட்டு வந்தேன்.

பொதுச் சுவர் வீட்டில் குடியிருக்கும் நண்பர்களே, புருஷன் பெண்டாட்டி சண்டையை எல்லாம் நீங்கள் எங்கே போய்ப் போடுகிறீர்கள்?

சமையலறை சரிப்படாது என்பது வரை எனக்குத் தெரியும்.